நேபாள நிலநடுக்கமும் திறந்த தரவும்: ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

நேபாளத்தில் பெரிய நிலநடுக்கம் மீண்டும் ஒருநாள் வரும் என்பதை 1934 ஜனவரி 15க்குப் பிறகு யாரும் மறுத்ததில்லை. அன்று ஏற்பட்ட, சுமார் 8 அளவிலான அதிர்வு காத்மாண்டு பள்ளத்தாக்கின் பழைய நகரங்களைப் பெருமளவு சிதைத்தது. அடுத்து வந்த எண்பது ஆண்டுகளில் பள்ளத்தாக்கின் மக்கள்தொகை பல மடங்கு பெருகியது. முறையான கட்டமைப்பு வடிவமைப்பு இல்லாமல், மேஸ்திரியின் அனுபவத்தை மட்டுமே நம்பி மாடிமேல் மாடியாக எழுப்பப்பட்ட கட்டடங்களும் பெருகின. பள்ளிகளையும் மருத்துவமனைகளையும் வலுப்படுத்த வேண்டும் என்பதில் அரசுக்கும் நன்கொடை நாடுகளுக்கும் கருத்து வேறுபாடு இருக்கவில்லை. ஆனால் எந்தப் பள்ளி எங்கே இருக்கிறது, அதற்கு எத்தனை மாடி, சுவர் எதனால் ஆனது என்ற விவரங்கள் ஒரே இடத்தில், எல்லோரும் எடுத்துப் பயன்படுத்தக்கூடிய வடிவில் இல்லை.

நாட்டின் நில அளவைத் துறையிடம் 1990களில் பின்லாந்தின் உதவியுடன் தயாரிக்கப்பட்ட தரமான நிலவரைபடங்கள் இருந்தன. ஆனால் அவை வரையப்பட்டபின் நகரங்கள் வளர்ந்துவிட்டன, மலைகளில் புதிய சாலைகள் வெட்டப்பட்டுவிட்டன. அந்த வரைபடங்களை எவரும் எடுத்துத் திருத்தி மறுபடி வெளியிட அனுமதிக்கும் திறந்த உரிமமும் அவற்றுக்கு இல்லை. ஒரு தரவு இருப்பதற்கும் அது திறந்திருப்பதற்கும் உள்ள இந்த வேறுபாடுதான் இந்த ஆய்வின் மையம். யாரும் அனுமதி கேட்காமல் எடுத்து, மாற்றி, மறுபடி பகிர உரிமம் வழங்கப்பட்டதும் கணினி நேரடியாகப் படிக்கக்கூடிய வடிவில் இருப்பதுமான தரவையே இங்கே திறந்த தரவு என்று குறிப்பிடுகிறோம். இணையத்தில் பார்க்கக் கிடைக்கும் படக்கோப்பு அந்த வரையறைக்குள் வராது.

2010 ஜனவரி 12 அன்று ஹெய்ட்டியில் நிகழ்ந்த நிலநடுக்கம் இதற்கு ஒரு முன்னுதாரணத்தை வைத்துவிட்டுப் போயிருந்தது. தலைநகர் போர்ட்-ஓ-பிரின்சுக்குப் பயன்படத்தக்க எண்ணிம வரைபடம் அப்போது ஏறத்தாழ இல்லை. செயற்கைக்கோள் நிறுவனங்கள் தங்கள் படங்களைத் திறந்துவிட, உலகின் பல மூலைகளிலிருந்து அறுநூறுக்கும் மேற்பட்ட தன்னார்வலர்கள் ஓபன்ஸ்ட்ரீட்மேப் என்ற திறந்த வரைபடத்தில் தெருக்களை வரைந்தனர். மீட்புக் குழுக்கள் அதையே நம்பி இயங்கின. இந்த அனுபவத்தையொட்டி உலக வங்கியின் பேரிடர் அபாயக் குறைப்புப் பிரிவு, பேரிடர் தாங்குதிறனுக்கான திறந்த தரவு முயற்சி ஒன்றை 2011இல் தொடங்கியது. ஹெய்ட்டியில் பேரிடருக்குப் பின் நடந்ததைப் பேரிடருக்கு முன்பே செய்துவைக்க முடியுமா என்பதைச் சோதிப்பது அதன் நோக்கங்களில் ஒன்று. தமிழ் வாசகர்களுக்கு அருகிலுள்ள எடுத்துக்காட்டும் உண்டு: இலங்கையில் மட்டக்களப்பின் மண்முனை வடக்குப் பிரதேச செயலாளர் பிரிவில் கட்டடங்களையும் சாலைகளையும் திறந்த வரைபடத்தில் ஏற்றும் பணி இதே முயற்சியின் கீழ்தான் நடந்தது.

பேரிடருக்கு முந்தைய பணி: 2012 நவம்பர் முதல்

காத்மாண்டு திட்டம் 2012 நவம்பரில் தொடங்கியது. பள்ளத்தாக்கின் மூன்று மாவட்டங்களான காத்மாண்டு, லலித்பூர், பக்தபூர் ஆகியவற்றிலுள்ள அனைத்துப் பள்ளிகளையும் சுகாதார நிலையங்களையும் நேரில் சென்று பதிவு செய்வதே முதல் இலக்கு. இதற்கு வெளிநாட்டு நில அளவை நிறுவனம் ஒன்றை ஒப்பந்தத்தில் எடுத்து, சில மாதங்களில் முடித்து, அறிக்கையை வாங்கி அலமாரியில் வைக்கும் வழக்கமான பாதை திறந்தே இருந்தது. பொறுப்பாளர்கள் அந்தப் பாதையில் செல்லவில்லை. உள்ளூர்ப் பல்கலைக்கழகங்களின் புவித்தகவல், பொறியியல் மாணவர்களையும், அப்போதே தன்னிச்சையாக வரைபடத்தில் ஈடுபட்டிருந்த சில இளைஞர்களையும் பயிற்றுவித்து, அவர்களைக்கொண்டே களப்பணியை நடத்தினர். வேலை மெதுவாக நடந்தது என்பது இந்த முடிவின் விலை. திட்டம் முடிந்த பிறகும் அந்த இளைஞர்கள் ஊரில் இருந்தார்கள் என்பது அதன் பயன், அந்தப் பயன் எவ்வளவு பெரியது என்பது இரண்டரை ஆண்டுகளுக்குப் பிறகே தெரிந்தது.

இப்பணியில் 2,256 பள்ளிகளும் 350 சுகாதார நிலையங்களும் பதிவாயின. இருப்பிடம் மட்டுமன்றி, மாடிகளின் எண்ணிக்கை, கட்டுமானப் பொருள் போன்ற, வெளியிலிருந்து பார்த்துக் குறிக்கக்கூடிய கட்டடக் கூறுகளும் சேகரிக்கப்பட்டன. அவை அனைத்தும் ஓபன்ஸ்ட்ரீட்மேப்பில் ஏற்றப்பட்டன. பயிற்சி பெற்றவர்களில் ஒரு குழுவினர் 2013இல் காத்மாண்டு லிவிங் லேப்ஸ் என்ற உள்ளூர் அமைப்பை நிறுவி, திட்ட நிதியின் எல்லைக்கு அப்பாலும் பணியைத் தொடர்ந்தனர். கல்லூரிகளில் வரைபடப் பயிலரங்குகளை நடத்தினர். தெருக்களையும் சாதாரண வீடுகளையும் சேர்த்தபடி இருந்தனர்.

இதே காலத்தில் அரசும் சர்வதேச அமைப்புகளும் சேர்ந்து, பேரிடரின்போது மக்கள் கூடுவதற்கும் நிவாரணப் பொருட்களை இறக்குவதற்கும் உரிய 83 திறந்தவெளிகளைப் பள்ளத்தாக்கில் அடையாளம் கண்டு அரசிதழில் அறிவித்திருந்தன. வரைபடப் பணிக்கு நேரடித் தொடர்பில்லாத முடிவு என்றாலும், பின்னர் இரண்டும் ஒரே தாளில் சந்தித்தன.

2015 ஏப்ரல் 25: நிகழ்வு

சனிக்கிழமை பகல் 11.56க்கு, காத்மாண்டுவிலிருந்து ஏறத்தாழ 80 கிலோமீட்டர் வடமேற்கே, கோர்க்கா மாவட்டத்தின் பார்பாக் அருகே 7.8 அளவிலான நிலநடுக்கம் ஏற்பட்டது. நேபாளத்தில் சனிக்கிழமை வார விடுமுறை. வகுப்பறைகள் காலியாக இருந்தன. மறுநாளோ முந்தைய நாளோ நிகழ்ந்திருந்தால் குழந்தைகளின் உயிரிழப்பு எந்த அளவுக்குப் போயிருக்கும் என்பதை நினைத்துப் பார்க்கவே தயங்க வேண்டும். மே 12 அன்று, 7.3 அளவிலான இன்னொரு பெரும் அதிர்வு கிழக்கே தோலகா, சிந்துபால்சோக் பகுதியைத் தாக்கியது. மொத்தத்தில் ஏறத்தாழ 9,000 பேர் இறந்தனர்; சுமார் 22,000 பேர் காயமடைந்தனர்; ஏறக்குறைய ஐந்து லட்சம் வீடுகள் முற்றாக அழிந்தன. சிந்துபால்சோக் மாவட்டத்தில் மட்டும் மூவாயிரத்துக்கும் அதிகமானோர் இறந்தனர். ரசுவா மாவட்டத்தின் லாங்டாங் கிராமத்தைப் பனிச்சரிவும் பாறைச்சரிவும் சேர்ந்து மூடின.

முதல் நாட்களில் கவனிக்கப்பட்டவை

முதலில் தெரிந்தது, காத்மாண்டு பள்ளத்தாக்குக்கும் அதைச் சூழ்ந்த மலை மாவட்டங்களுக்கும் இடையிலான தரவு இடைவெளி. பள்ளத்தாக்கின் வரைபடம் நெருக்கமாக இருந்தது. எந்த மருத்துவமனை எந்தச் சந்தில் என்பதை வெளியிலிருந்து வந்த குழுக்கள் முதல் நாளே பார்க்க முடிந்தது. உயிரிழப்பு மிகுதியாக இருந்த கோர்க்கா, சிந்துபால்சோக், நுவாகோட், தாதிங் மாவட்டங்களின் வரைபடத்திலோ நெடுஞ்சாலையும் சில ஊர்ப்பெயர்களும் தவிர அதிகமில்லை. முன்தயாரிப்பு தலைநகரத்துக்குச் செய்யப்பட்டிருந்தது. நிலநடுக்கம் மலைக்கிராமங்களைத் தேர்ந்துகொண்டது.

இந்த இடைவெளியை நிரப்பும் பணியைத் திறந்த வரைபடச் சமூகம் சில மணி நேரத்தில் தொடங்கியது. பாதிக்கப்பட்ட பகுதி சிறு சதுரங்களாகப் பிரிக்கப்பட்டது. ஒரு தன்னார்வலர் ஒரு சதுரத்தை எடுத்தால் அது மற்றவர்களுக்குப் பூட்டப்படும். அவர் செயற்கைக்கோள் படத்தைப் பார்த்துச் சாலை, பாதை, கூரை ஆகியவற்றை வரைந்து முடித்ததாகக் குறித்தால் சதுரம் மஞ்சளாகும். அனுபவமுள்ள இன்னொருவர் அதைத் திறந்து சரிபார்த்து ஒப்புக்கொண்டால் பச்சையாகும். முதல் 48 மணி நேரத்தில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் பங்கேற்று, வரைபடத்திலிருந்த சாலைகளின் நீளத்தை நான்கு மடங்காக்கி, கட்டடங்களின் எண்ணிக்கையைச் சுமார் 30 சதவீதம் உயர்த்தினர் என்று அப்போது செய்திகள் வெளியாயின. உலகெங்கும் எடுத்துக்காட்டப்பட்டது இந்த எண்தான். ஆனால் களத்தில் இருந்தவர்களுக்கு மஞ்சளுக்கும் பச்சைக்கும் இடையிலான நேரமே பெரிய கவலையாக இருந்தது: வரைபவர்கள் ஆயிரக்கணக்கில் வந்தனர், சரிபார்ப்பவர்கள் அந்த அளவில் வரவில்லை.

பிழைகளுக்குக் காரணம் ஆர்வக்குறைவு அல்ல. அந்த நிலப்பரப்பே அப்படிப்பட்டது. நேபாளத்தின் நடுமலைப் பகுதியில் படிவயலின் வரப்பும் ஒற்றையடிப் பாதையும் மேலிருந்து பார்க்கும்போது ஒன்றுபோலவே தெரியும். ஆம்ஸ்டர்டாமிலோ பெங்களூரிலோ அமர்ந்து முதன்முறையாக வரைபவர் வரப்பைப் பாதை என்பார், பாதையைச் சாலை என்பார். செங்குத்தான சரிவில் செயற்கைக்கோள் படமே சில மீட்டர் முதல் பல மீட்டர் வரை இடம்பெயர்ந்து காட்டும். இரண்டு வேறு படங்களைப் பார்த்து வரைந்த இருவரின் வேலையில் ஒரே வீடு இரண்டு வீடாகிவிடும். ஊர்ப்பெயரை வெளியிலிருந்து வரைபவரால் சேர்க்கவே இயலாது. கூரையைக் காணலாம், ஆனால் அந்தக் கூரைகள் சேர்ந்த ஊருக்கு என்ன பெயர் என்பதை அவ்வூரை அறிந்தவரே சொல்ல வேண்டும்.

எடுக்கப்பட்ட முடிவுகளும் அவற்றின் காரணங்களும்

முதல் முடிவு படங்களைப் பற்றியது. பேரிடர்களுக்கான சர்வதேச விண்வெளி உடன்படிக்கை செயல்படுத்தப்பட்டு, பல நாடுகளின் செயற்கைக்கோள் படங்கள் நிவாரண அமைப்புகளுக்குக் கிடைத்தன. தனியார் படநிறுவனங்களும் தங்கள் படங்களைப் பார்த்து வரைய அனுமதித்தன. படங்களின் உரிமை நிறுவனங்களிடமே இருந்தது, அவற்றைப் பார்த்து வரையப்பட்ட கோடுகள் மட்டும் திறந்த உரிமத்தில் சென்றன. இந்த நடுவழி ஏற்பாடு இல்லையென்றால், நிறுவனங்கள் தங்கள் விற்பனைப் பொருளை முழுமையாகத் திறந்துவிட ஒப்புக்கொள்ளும்வரை காத்திருக்க வேண்டியிருந்திருக்கும். இதுபோன்ற ஏற்பாடுகளை அமைதியான காலத்திலேயே எழுத்தில் முடித்துவைப்பது எவ்வளவு முக்கியம் என்பதை இங்கே காணலாம்.

இரண்டாவது முடிவு, எதை வரைவதில்லை என்பது. இடிந்த கட்டடங்களைப் படத்திலிருந்தே எண்ணிவிடலாமே என்ற கோரிக்கை பல தரப்பிலிருந்து எழுந்தது. மலைக்கிராமங்களில் மண்சாந்து வைத்த கற்சுவர் சரிந்து, தகரக் கூரை அப்படியே கீழே அமர்ந்திருக்கும் வீடு மேலிருந்து பார்ப்பவருக்கு முழு வீடாகவே தெரியும். எனவே தன்னார்வலர்களின் உழைப்பு, படத்திலிருந்து உறுதியாகச் சொல்லக்கூடியவற்றின் மீதே பெரும்பாலும் திருப்பப்பட்டது: சாலைகளும் நடைபாதைகளும், குடியிருப்புகளின் எல்லை, ஹெலிகாப்டர் இறங்கத்தக்க சமதளம், கூடாரங்கள் முளைத்திருக்கும் திறந்தவெளி. சேதக் கணக்கு களத்தில் இருப்பவர்களின் வேலை என்று ஒதுக்கிவைத்தது, இந்த நிகழ்வில் எடுக்கப்பட்ட மிகச் சரியான முடிவு என்பது இக்கட்டுரையாளரின் கணிப்பு. அந்தக் கட்டுப்பாடு இல்லாமல் ஒரு சேத வரைபடம் அவசரமாக வெளிவந்திருந்தால், உதவி தவறான ஊர்களுக்குத் திரும்பியிருக்கும். அதைவிட, அடுத்த வரைபடத்தை யாரும் நம்பியிருக்க மாட்டார்கள்.

மூன்றாவது முடிவை எடுத்தவர்கள் காத்மாண்டுவில் இருந்த உள்ளூர்க் குழுவினர். உதவி தேவைப்படுவோர் தங்கள் நிலையைத் தெரிவிப்பதற்காக அவர்கள் குவேக்மேப் என்ற தளத்தை உடனடியாகத் திறந்தனர். வரும் தகவலை அப்படியே காட்டிவிடுவது எளிது. அவர்கள் முடிந்தவரை தொலைபேசியில் அழைத்துச் சரிபார்த்து, சரிபார்க்கப்பட்டது என்றும் நடவடிக்கை எடுக்கப்பட்டது என்றும் தனித்தனியே குறித்துவந்தனர். இந்தத் தகவல்கள் நேபாள ராணுவத்துக்கும் நிவாரணக் குழுக்களுக்கும் சென்றன. நேபாளியில் பேசி, தாமாங் அல்லது குருங் இனத்தவரின் ஊர் ஒன்றின் பெயரைக் கேட்டதும் அது எந்தப் பள்ளத்தாக்கு என்று ஊகித்து, எந்த அலுவலகத்தை அழைக்க வேண்டும் என்று அறிந்தவர்களால் மட்டுமே இதைச் செய்திருக்க முடியும். 2012இல் மெதுவான வழியைத் தேர்ந்ததன் பலன் இங்கே கிடைத்தது.

வெளியீட்டு வடிவத்தைப் பற்றிய முடிவும் குறிப்பிடத்தக்கது. மலைகளில் இணையத்தை நம்ப முடியாது என்பதால், இணையமின்றி இயங்கும் கைபேசிச் செயலிகளுக்கும் ஜிபிஎஸ் கருவிகளுக்கும் ஏற்ற கோப்புகள் திரும்பத் திரும்பப் புதுப்பிக்கப்பட்டன. தாளில் அச்சிட்ட வரைபடங்களும் விநியோகிக்கப்பட்டன. செஞ்சிலுவைச் சங்கம் உள்ளிட்ட அமைப்புகள் அவற்றைப் பயன்படுத்தின. ஐ.நா. மனிதாபிமான ஒருங்கிணைப்பு அலுவலகம் 2014இல் தொடங்கியிருந்த மனிதாபிமானத் தரவுப் பரிமாற்றத் தளம், இவற்றையும் மாவட்ட எல்லைகள், மக்கள்தொகை, சுகாதார நிலையப் பட்டியல்கள் போன்றவற்றையும் ஒரே பக்கத்தில் தொகுத்தது.

திறக்கக்கூடாத தரவும் இந்த நிகழ்வில் உண்டு. ஒரு கைபேசி நிறுவனத்தின் சுமார் 1.2 கோடி இணைப்புகளின் அடையாளம் நீக்கப்பட்ட பதிவுகளை ஆராய்ந்து, எந்த மாவட்டத்திலிருந்து எங்கே மக்கள் இடம்பெயர்ந்தார்கள் என்று ஃப்ளோமைண்டர் என்ற அமைப்பு மதிப்பிட்டது. மூலப்பதிவுகள் வெளியிடப்படவில்லை, தொகுக்கப்பட்ட மதிப்பீடுகள் மட்டுமே பகிரப்பட்டன. தனிமனிதரின் நடமாட்டத்தைக் காட்டக்கூடிய பதிவை மூடிவைத்து, அதிலிருந்து கிடைக்கும் பொதுநன்மையை மட்டும் திறந்துவிட்ட இந்த முறையைத் திறந்த தரவுக்கு எதிரானதாகக் கருத வேண்டியதில்லை.

வீடு வீடாகக் கணக்கெடுப்பு

நிவாரணம் முடிந்து மறுகட்டமைப்பு தொடங்கியபோது வேறொரு வகைத் தரவு தேவைப்பட்டது. முதல் மாதங்களில் உள்ளூர் அலுவலர்கள் அவசரமாக மதிப்பிட்டு, முழுச் சேதத்துக்குச் சிவப்பு அட்டையும் பகுதிச் சேதத்துக்கு மஞ்சள் அட்டையும் வழங்கியிருந்தனர். தற்காலிகத் தங்குமிடத்துக்கான சிறு தொகைகளை வழங்க அது போதுமானதாக இருந்தது. வீடு கட்டும் மானியத்தை அதே பட்டியலின் அடிப்படையில் வழங்குவதை அரசும் நிதியளித்தவர்களும் ஏற்கவில்லை. சேதத்தை அளவிடும் பொதுவான அளவுகோல் இல்லாமல் தயாரான பட்டியலில் தகுதியற்றவர்கள் சேர்ந்திருக்கலாம், தகுதியுள்ளவர்கள் விடுபட்டிருக்கலாம் என்பதே அவர்கள் கூறிய காரணம்.

தேசிய மறுகட்டமைப்பு ஆணையம் 2015 டிசம்பரில்தான் அமைக்கப்பட்டது. 2016இல் மத்தியப் புள்ளியியல் பணியகம், காத்மாண்டு பள்ளத்தாக்குக்கு வெளியே மிகக் கடுமையாகப் பாதிக்கப்பட்ட 11 மாவட்டங்களில், பொறியியல் பயிற்சி பெற்ற கணக்கெடுப்பாளர்களைக் கைக்கணினியுடன் வீடு வீடாக அனுப்பியது. அந்தக் கணக்கெடுப்பின் தொழில்நுட்ப ஏற்பாடுகளில் உதவியவர்கள், 2012இல் பள்ளிகளை எண்ணத் தொடங்கிய அதே உள்ளூர்க் குழுவினர். 7,62,106 கட்டடங்களும் 36 லட்சத்துக்கும் அதிகமான மக்களும் பதிவாயினர். பெயர்கள் நீக்கப்பட்ட தரவுத்தொகுப்பு பின்னர் தேசியத் திட்ட ஆணையத்தின் தளத்தில் திறந்த தரவாக வெளியிடப்பட்டது.

அந்தத் தொகுப்பின் ஒரு வரியைப் பிரித்துப் பார்ப்பது பயனுள்ளது. கட்டடத்துக்கு ஓர் எண், மாவட்டம், உள்ளாட்சி, வார்டு ஆகியவற்றுக்கு ஒவ்வோர் எண், கட்டடத்தின் வயது, தரைப்பரப்பு சதுர அடியில், நிலம் சமதளமா, மிதச்சரிவா, செங்குத்துச் சரிவா, அடித்தளம் எதனால் ஆனது, கூரை எது, சுவரில் மண்சாந்து-கல் உண்டா, சிமென்ட் சாந்து-செங்கல் உண்டா, மரம் உண்டா, மூங்கில் உண்டா, சேதத் தரம் ஒன்று முதல் ஐந்து வரை, பொறியாளர் பரிந்துரை சிறு பழுதா, பெரும் பழுதா, மறுகட்டுமானமா. இவற்றுக்கு நடுவே நிலநடுக்கத்துக்கு முன் எத்தனை மாடி, பின் எத்தனை மாடி என்ற இரண்டு நெடுவரிசைகள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. முன்னதில் இரண்டு அல்லது மூன்று என்றும் பின்னதில் பூஜ்யம் என்றும் வரி வரியாக வருகின்றன. பெரும்பாலான வரிகளில் சுவருக்கு நேரே மண்சாந்து-கல் என்றே இருக்கிறது.

விளைவு

தகுதி பெற்ற குடும்பத்துக்கு மூன்று லட்சம் நேபாள ரூபாய், ஐம்பதாயிரம், ஒன்றரை லட்சம், ஒரு லட்சம் என மூன்று தவணைகளாக வழங்கப்பட்டது. அடுத்த தவணை பெற, கட்டிய பகுதி நிலநடுக்கம் தாங்கும் விதிகளுக்கு உட்பட்டிருப்பதைப் பொறியாளர் சான்றளிக்க வேண்டும். எந்த ஊரில் எத்தனை பொறியாளர்கள் வேண்டும், மண்சாந்து-கல் வீடுகளுக்கு எத்தகைய மாதிரி வடிவமைப்பு வேண்டும் என்பன போன்ற கேள்விகளுக்கு இந்தக் கணக்கெடுப்பு அடித்தளமானது. ஆராய்ச்சியாளர்கள் எந்தச் சுவர் எந்த வகைச் சரிவில் எப்படி விழுந்தது என்று ஆராய்ந்தனர். தரவு அறிவியல் பயிலும் மாணவர்கள் சேதத் தரத்தை முன்கணிக்கும் போட்டிகளில் இதே தொகுப்பைப் பயன்படுத்தினர். நேபாளத்துக்கு ஒருமுறையும் வந்திராத பலர் அந்நாட்டு மலைவீட்டின் கட்டுமானத்தை அறிந்தது இந்தத் தரவின் மூலம்தான்.

வீடுகள் விரைவாக எழுந்தனவா என்றால், இல்லை. நிலநடுக்கத்துக்கும் ஆணையம் அமைவதற்கும் இடையே எட்டு மாதங்கள் அரசியல் இழுபறியில் கழிந்தன. 2015 செப்டம்பரில் அரசியலமைப்பு அறிவிக்கப்பட்டதை அடுத்து இந்திய எல்லையில் ஏற்பட்ட முடக்கம் எரிபொருளையும் கட்டுமானப் பொருளையும் மாதக்கணக்கில் நிறுத்தியது. இரண்டு மழைக்காலங்களைத் தகரக் கொட்டகையில் கழித்த குடும்பங்கள் ஏராளம். வரைபடத்தின் சதுரங்கள் நாட்களில் பச்சையானதையும் வீடுகளின் அடித்தளம் ஆண்டுகளாகியும் தொடங்காததையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால், திறந்த தரவின் எல்லை எங்கே முடிகிறது என்பது விளங்கும். தாமதத்துக்குக் காரணம் தகவல் பற்றாக்குறை அல்லாதபோது, தகவலைத் திறப்பதால் தாமதம் குறைவதில்லை.

பயனாளிப் பட்டியலில் பெயர் இல்லாதவர்கள் பெரும் எண்ணிக்கையில் முறையிட்டனர். மறுசரிபார்ப்பு நடந்து, பட்டியல் விரிந்தது. மானிய ஒப்பந்தத்துக்கு நில உரிமைச் சான்று கேட்கப்பட்டதால், பிறர் நிலத்திலோ பதிவில்லாத நிலத்திலோ தலைமுறையாக வாழ்ந்தவர்கள் சிக்கலில் மாட்டினர். கணக்கெடுப்புப் படிவத்தில் உரிமைநிலை ஒரு நெடுவரிசையாக இருந்தது. இந்தச் சிக்கல் வரும் என்பது தரவில் முன்கூட்டியே எழுதப்பட்டிருந்தது என்று சொல்லலாம். ஆயினும் சான்று இல்லாதவர்களுக்கான ஏற்பாடு தனியே, தாமதமாகவே வந்தது.

குறுக்கே வந்த எல்லை மாற்றம்

2017இல் கூட்டாட்சி முறைப்படி உள்ளாட்சிகள் திருத்தி அமைக்கப்பட்டன. மூவாயிரத்துக்கும் அதிகமான கிராம வளர்ச்சிக் குழுக்கள் கலைக்கப்பட்டு, பழைய நகராட்சிகளோடு சேர்த்து 753 உள்ளாட்சி அலகுகளாயின; 75 மாவட்டங்கள் 77 ஆயின. பழைய கிராமக் குழு ஒவ்வொன்றிலும் ஒன்பது வார்டுகள் இருந்தன. புதிய அமைப்பில் பல பழைய வார்டுகள் ஒரு வார்டாக இணைந்தன, எண்களும் மாறின. 2015இல் தொகுக்கப்பட்ட நிவாரண அட்டவணைகளும் சேத மதிப்பீடுகளும் பழைய குறியீட்டில். பின்னர் வந்த பட்டியல்களும் நிதி ஒதுக்கீடுகளும் புதிய குறியீட்டில். ஓர் ஊருக்கு 2015இல் வந்த உதவியையும் 2018இல் அங்கே எழுந்த வீடுகளையும் ஒப்பிட நினைப்பவர், முதலில் இரண்டு குறியீடுகளையும் இணைக்கும் அட்டவணையைத் தேட வேண்டியதாயிற்று. ஊர்ப்பெயரை ஆங்கில எழுத்தில் ஒவ்வோர் அமைப்பும் ஒவ்வொரு விதமாக எழுதியிருந்ததால், பெயரை வைத்து இணைக்கும் வழியும் நம்பகமாக இல்லை. சிந்துபால்சோக் என்ற ஒரே மாவட்டத்துக்கே இரண்டு மூன்று எழுத்துக்கூட்டல்கள் புழங்கின.

இது வெளியிலிருந்து பார்ப்பவருக்குச் சிறு தொல்லையாகத் தோன்றலாம். உண்மையில், உதவி யாருக்குப் போய்ச் சேர்ந்தது என்ற கணக்குக் கேட்கும் உரிமையே இந்த இணைப்பு அட்டவணையைப் பொறுத்தது. ஒவ்வொரு தரவும் தனித்தனியே திறந்திருந்து, ஒன்றோடொன்று பொருந்தாவிட்டால், கேள்வி கேட்கும் குடிமகனுக்கு அது மூடிய தரவிலிருந்து பெரிதும் வேறுபட்டதல்ல.

மாற்ற வேண்டியவை

முன்தயாரிப்பின் பரப்பை முதலில் திருத்த வேண்டும். தலைநகரத்தில் பள்ளிகளும் மருத்துவமனைகளும் செறிந்திருப்பதால் அங்கே தொடங்கியது புரிந்துகொள்ளத்தக்கது. அங்கேயே நிறுத்தியது பிழை. 2023 நவம்பர் 3 இரவு மேற்கு நேபாளத்தின் ஜாஜர்கோட், மேற்கு ருகும் மாவட்டங்களைத் தாக்கிய நிலநடுக்கத்தில் 150க்கும் மேற்பட்டோர் இறந்தனர். அங்கே விழுந்தவையும் பெரும்பாலும் மண்சாந்தில் எழுப்பிய கல்வீடுகளே. 2016இன் வீட்டுக் கணக்கெடுப்பு இந்த மாவட்டங்களைத் தொடவில்லை. அதிலிருந்து கிடைத்த அறிவு இவற்றுக்கும் பொருந்தும் என்பது அப்போதே தெரிந்த விஷயம்.

தொலைதூரத் தன்னார்வலர்களை அழைக்கும் முறையிலும் மாற்றம் வேண்டும். புதியவர்களுக்குச் சமவெளிச் சதுரங்களையும் அனுபவமுள்ளவர்களுக்குச் சரிவுப் பகுதிகளையும் ஒதுக்கி, சரிபார்ப்பவர்களைப் பேரிடருக்கு முன்பே பயிற்றுவித்து வைத்திருந்தால், மஞ்சளில் தேங்கிய சதுரங்கள் குறைந்திருக்கும். உள்ளூர்க் குழுவுக்கான நிதி திட்டம் முடிந்ததும் நின்றுவிடும் வழக்கம் இதைவிடப் பெரிய குறை. நேபாளத்தில் அக்குழு தன் முயற்சியால் நிலைத்தது. அடுத்த நாட்டிலும் அப்படி நிகழும் என்று எதிர்பார்த்துத் திட்டமிடுவது பொறுப்பாகாது.

வீட்டுக் கணக்கெடுப்பின் வெளியீட்டில், பெயரை நீக்கியதோடு அடையாளம் மறைந்துவிட்டதாகக் கொள்ளக்கூடாது. குடும்பத் தலைவரின் வயது, பாலினம், சாதி, கல்வி, வருமான வரம்பு ஆகியவை வார்டு எண்ணுடன் சேர்ந்து வரும்போது, ஒரே ஒரு குறிப்பிட்ட சாதிக் குடும்பம் வாழும் சிறு வார்டில் அந்தக் குடும்பம் எது என்பதை ஊரார் எளிதில் சொல்லிவிடுவார்கள். கட்டட விவரங்களை வார்டு அளவிலும், சமூக விவரங்களை அதைவிடப் பெரிய அலகிலும் வெளியிட்டிருந்தால் ஆய்வுப் பயன் பெரிதும் குறைந்திருக்காது. முழு விவரம் தேவைப்படும் ஆய்வாளருக்கு ஒப்பந்தத்தின் பேரில் தனியே வழங்கலாம்.

எல்லைகள் மாறும்போது பழைய, புதிய குறியீடுகளை இணைக்கும் அட்டவணையை அதே நாளில், அதே திறந்த உரிமத்தில் வெளியிடுவது அரசாணையின் பகுதியாகவே இருக்க வேண்டும். சில ஆண்டுகளில் ஒரு நாட்டின் நிர்வாகப் பிரிவுகள் முழுமையாக மாறலாம்; நன்கொடையாளர்களின் நிதியறிக்கைகள் அதைவிட நீண்ட காலத்துக்குத் தொடர்கின்றன. மறுகட்டமைப்பு ஆணையம் 2021 டிசம்பரில் தன் பணிக்காலத்தை முடித்துக்கொண்டது. ஓர் ஆணையம் கலையும்போது அதன் கோப்புகளை ஏற்கும் அலுவலகம் எதுவென முன்பே முடிவாவதுபோல், அதன் தரவுத்தளத்தைப் புதுப்பித்து, இணைப்புகள் அறுபடாமல் காக்கும் பொறுப்பு எந்த அலுவலகத்துடையது என்பதும் பெயரும் நிதியும் குறிக்கப்பட்டு முடிவாக வேண்டும்.